‘லாஸ்ட் நேம்’ என்ற கட்டம்: வேலைத் தளங்களோடு ஆறு ஆண்டுகள்

போன வாரம் திருப்பூரிலிருந்து என் பள்ளித் தோழி போன் செய்தாள். "தங்கச்சி பையன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டான்டி. எந்த சைட்ல போட்டா நல்லது? நீதானே நாள் பூரா இதையே பார்த்துட்டிருக்கே?" உண்மைதான். துறையூரில் ஜெராக்ஸும் இணையச் சேவையுமாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஆறு ஆண்டு ஆகிறது. வேலைக்கும் பயிற்சிக்கும் விண்ணப்பிக்க ஐந்தாறு பேராவது வராத நாள் இல்லை. எட்டாவதோடு நின்றவர், ஐடிஐ வயர்மேன், பி.காம். முடித்துக் கல்யாணமாகி எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடும் பெண், காது கேளாத தம்பி, பச்சைமலையிலிருந்து முதல் பேருந்தில் இறங்கி வரும் பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே கணினி, ஒரே கீபோர்டு.

எந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்பதை இரண்டு நிமிட வீடியோ போட்டு யாரும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. இத்தனை ஆண்டுகளில் என்னை விடாமல் படுத்துவது ஒரே ஒரு கட்டம்தான். ‘லாஸ்ட் நேம்’ என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கும் கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

நமக்கு ஏது லாஸ்ட் நேம்? பையன் பெயர் முத்துக்குமார், இனிஷியல் ப. என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் இனிஷியல் இருக்கும். ஐடிஐ சான்றிதழில் முன்னால் இருக்கும், நடுவில் ஒரு புள்ளியும் இருக்கும். ஆதாரில் வெறும் முத்துக்குமார். அப்பா பெயர் முகவரி வரியில் போயிருக்கும். வங்கி பாஸ்புக்கில் யாரோ ஒருவர் பான் அட்டையைப் பார்த்து ‘முத்துக்குமார் பழனிசாமி’ என்று ஏற்றியிருப்பார். நான்கு தாளில் நான்கு ஆள். கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் வரும். சரி, அப்பா பெயரை முழுதாகப் போட்டால் அடுத்த பக்கம் திறக்கும். அங்கே ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்து, பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும். அவன் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டு உள்ளே நுழைந்ததும் உண்டு. பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளும்.

இதற்கு நடுவில் ஓடிபி. ஆதாரோடு இணைத்த எண் பெரும்பாலும் அப்பாவுடையது. இந்தப் பக்கத்து அப்பாக்கள் நிறையப் பேர் போர்வெல் வண்டியில் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போயிருப்பார்கள். அவரைப் போனில் பிடித்து, அவர் மெசேஜைத் திறந்து, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். "மறுபடி அனுப்புங்கம்மா, இப்ப பக்கத்துலயே இருக்கேன்" என்பார். பின்னணியில் போர்வெல் போடும் ரிக் ஓடுகிற சத்தத்தில் ஏழா ஆறா என்று தெரியாமல் மூன்று முறை கேட்டிருக்கிறேன்.

இது ஏதோ ஒரு தளத்தின் குறை என்றால் பெயரைச் சொல்லித் திட்டிவிடலாம். நான் திறக்கும் பாதித் தளங்களில் இதே கட்டம்தான். பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயரோ சாதிப் பெயரோ வருகிற ஊர்களை மனதில் வைத்துப் போட்ட படிவம் இது. செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. கிட்டத்தட்ட நூறு ஆண்டாகிறது. அதை நாம் பெருமையாகத்தான் சொல்கிறோம், நானும் சொல்கிறேன். ஆனால் அந்த வாலை வெட்டிய பிள்ளைகளைத்தான் இன்றைக்கு ஒரு படிவம் ‘உன் வால் எங்கே’ என்று கேட்டு நிறுத்தி வைக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் அப்ரண்டிஸ் பயிற்சியைப் போல், அதாவது ஒரு நிறுவனத்தில் மாத உதவித்தொகை வாங்கிக்கொண்டே தொழில் பழகுவதைப் போல், நல்ல வழி எனக்குத் தெரிந்து வேறில்லை. அதற்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் கணக்கில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 2019இல் திருத்திய விதிப்படி மாதக் குறைந்தபட்ச உதவித்தொகை ஐடிஐ முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இதெல்லாம் தாளில் இருக்கிற கணக்குதானே என்று முதல் இரண்டு வருடம் நானும் நினைத்தேன். பச்சைமலைப் பெண் ஒருத்தி, டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவள், திருச்சியில் ஒரு தொழிற்சாலைக்கு என் கடையிலிருந்துதான் விண்ணப்பித்தாள். இரண்டு மாதம் கழித்து, கடையை மூடுகிற நேரத்தில் வந்து போனை நீட்டினாள். வங்கியிலிருந்து வந்த மெசேஜ், 8,000. அதில் பாதி மத்திய அரசின் பங்கு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. அந்த மெசேஜை ஒரு பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னாள், அம்மாவிடம் காட்ட. பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை யாரும் கைவிட வேண்டாம், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறக்காமல் புதுப்பியுங்கள். பதிவு மூப்பு, அதாவது யார் முதலில் பதிந்தார் என்று, பார்க்கும் வேலைகள் இன்னும் இருக்கின்றன. அதைவிட, அங்கே நடக்கும் தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். தனியார் நிறுவனங்கள் ஆள் எடுக்கும் சிறிய முகாம்களும் நடக்கின்றன. கல்லூரியில் படிக்கும்போதே என்றால் தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சிப் பாடங்களை ஏனோதானோ என்று முடிக்காதீர்கள். பெரிய நிறுவனங்களில் பயிற்சி தரும் மத்திய அரசின் பிரதமர் இன்டர்ன்ஷிப் 2024 அக்டோபரில் தொடங்கியபோது 21 முதல் 24 வயது வரைதான் கேட்டார்கள், மாதம் 5,000. வயது தாண்டியவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது, அது எனக்கு வருத்தம்.

எட்டு வருட இடைவெளி விழுந்த அந்த பி.காம். அக்காவுக்கு எந்தத் தளமும் உதவவில்லை. கடைசி வேலை எப்போது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, வீட்டில் தைத்துக்கொடுத்ததை எழுத அங்கே இடமும் இல்லை. அவரை மாவட்டத்தில் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்துக்குப் போகச் சொன்னேன். பயிற்சி, சாப்பாடு எல்லாம் இலவசம். அங்கே ஒரு மேடம் நோட்டை எடுத்து, "பேர் என்னம்மா, இனிஷியல் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொண்டாராம். திரும்பி வந்து அவர் இதைச் சொன்னபோது, அந்த மேடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வர வேண்டும் போல இருந்தது.

தனியார் செயலிகளில் பெயர்ப் பிரச்சினை இல்லை, எதைப் போட்டாலும் எடுத்துக்கொள்ளும். ஆனால் வயர்மேன் வேலைக்குப் போட்டவனுக்கும் நாள் பூரா போனில் பேசும் டெலிகாலர் வேலைக்குத்தான் அழைப்பு வரும். காது கேளாத தம்பிக்கே அப்படி மூன்று அழைப்பு வந்தது. அவன் போனைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, என்ன சொல்கிறார்கள் என்று சைகையில் கேட்டான். நான் என்ன சொல்வேன்? அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்குத் தயாராகு என்று எழுதிக் காட்டினேன். அப்புறம் ஒன்று: பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், லேப்டாப்புக்கு முன்பணம் என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். வேலை தருகிறவன் உங்களிடம் காசு கேட்க மாட்டான்.

நேற்று வரை நான் இந்தத் தளங்களுக்கு ஐந்துக்கு நான்கு கொடுத்திருப்பேன். நேற்று மதியம் ஒரு வயர்மேன் பையன் வந்தான். நிறுவனம் அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டது, அப்ரண்டிஸ் ஒப்பந்தம் மட்டும் தளத்தில் பதிவாக வேண்டும். ஆதாரில் இனிஷியல் இல்லை, சான்றிதழில் இருக்கிறது. ஆதாரைத் திருத்த விண்ணப்பித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வாழ்நாளில் இரண்டு முறைதான் பெயரை மாற்றலாம், அதில் ஒன்றை ஒற்றை எழுத்துக்காகச் செலவழித்திருந்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்த நிறுவனத்திலிருந்து போன் வந்தது, சேரும் தேதி முடிந்துவிட்டது என்று. "சரிங்க சார், சரிங்க சார்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தான். திருத்த ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எவ்வளவுக்கா?" என்று கேட்டான்.

அதனால் என் மதிப்பெண் இரண்டு. மேலே இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு இரண்டா என்று கேட்டால், ஆமாம், இரண்டுதான். அந்தப் பெண்ணின் 8,000 ரூபாய் மெசேஜையும் நான் மறக்கவில்லை. ஒரு கட்டத்தில் நட்சத்திரக் குறியை எடுப்பதற்கு ஒரு மதிய வேலைகூட ஆகாது. அதை ஆறு ஆண்டாகச் செய்யாமல் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் கொடுக்க இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை.

தோழிக்குப் பதில் அனுப்பிவிட்டேன். பையனை அப்ரண்டிஸுக்கே போடுவோம், சனிக்கிழமை அனுப்பி வை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிப்ளமோ சான்றிதழ், ஆதார், பாஸ்புக் நான்கும் அசலாக வேண்டும். ஆதாரில் இருக்கும் போன் எண் யாருடையதோ அவரும் கூட வரட்டும். கணினியைத் திறப்பதற்கு முன்னால் நான்கையும் மேஜையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும்.