சினாலஜி டிஎஸ்423+: படம் சேர்ப்பவர்களுக்கு ஏற்ற பெட்டி

வீட்டில் படங்களைச் சேர்த்துவைக்க நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வாங்கப் போகிறவர்களுக்கு என் ஓட்டு சினாலஜி டிஎஸ்423+. 2023இல் வந்த மாடல், நாலு ஹார்டு டிஸ்க் போடலாம். அப்பா சேர்த்த விசிடிகள் முதல் நான் வாங்கிய 4கே ப்ளூரே வரை, வட்டிலிருந்து எடுத்ததெல்லாம் இப்போது இதில்தான் இருக்கிறது.

நாலு டிஸ்க் எதற்கு? இரட்டை அடுக்கு டிவிடியே 8.5 ஜிபிதான். ப்ளூரே 50 ஜிபி வரை போகும், 4கே வட்டு 100 வரை. தரம் குறைக்காமல் வைத்தால் ஒரு டெராபைட்டில் 4கே படம் பதினைந்து, இருபதுதான் அடங்கும். இரண்டு டிஸ்க் பெட்டி சீக்கிரம் நிரம்பிவிடும். இதில் எஸ்ஹெச்ஆர் என்ற, ஒரு டிஸ்க் அளவு இடத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் சினாலஜி முறையில் இரண்டு 8 டிபி டிஸ்க்கோடு தொடங்கினால் 8 டிபி இடம் கிடைக்கும். கையில் காசு வரும்போது மூன்றாவதைப் போட்டால் 16, நாலாவதுக்கு 24. இருக்கும் படங்களை அழிக்க வேண்டியதில்லை. தட்டை இழுத்து, டிஸ்க்கை வைத்து, பக்கப் பட்டையை அழுத்தினால் முடிந்தது, ஸ்க்ரூடிரைவரே வேண்டாம்.

ஆனால் நான் இதைச் சொல்ல முக்கியக் காரணம் உள்ளே இருக்கும் இன்டெல் ஜே4125 சிப். இதைவிட விலை கூடிய டிஎஸ்923+ஐக் கடைக்காரர் காட்டுவார். அதில் ரைசன் சிப், வேகம் அதிகம், ஆனால் வீடியோவைக் கையாளும் கிராஃபிக்ஸ் பகுதி கிடையாது. வெளியூரில் மொபைலில் 4கே படம் பார்க்க வேண்டுமென்றால் போகிற போக்கிலேயே சுருக்கி அனுப்ப வேண்டும். அந்த வேலையை 423+ வன்பொருளிலேயே செய்துவிடும். தமிழ் சப்டைட்டிலுக்கும் இது உதவும். சில டிவிகள் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் பிரித்துக் காட்டும், படிக்கவே முடியாது. நாஸிலிருந்து டிவிக்கும் மொபைலுக்கும் படத்தை அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருளில் ஒரு தமிழ் எழுத்துருவைச் சேர்த்து, எழுத்தைப் படத்திலேயே பதித்து அனுப்பச் சொல்லிவிட்டால் சரியாக வரும். அந்தப் பதிப்புக்கும் சிப்தான் உழைக்க வேண்டும்.

ஜெல்லிஃபின் இலவசம். இதே வேலைக்கான சினாலஜியின் சொந்த வீடியோ ஸ்டேஷனை 2024இல், நாஸின் இயங்குதளமான டிஎஸ்எம்மின் 7.2.2 பதிப்பு வந்தபோது எடுத்துவிட்டார்கள். அது எனக்கு வருத்தம்தான், புதிதாக வருகிறவர்களுக்கு எளிதாக இருந்தது. நினைவகம் 2 ஜிபி என்பதும் குறைவு. 6 வரை கூட்டலாம், கூட்டிவிடுங்கள்.

நெட்வொர்க் 1 ஜிபிபிஎஸ்தானே என்று கவலை வேண்டாம். 4கே வட்டின் உச்ச வேகமே 128 எம்பிபிஎஸ்தான். நெரிசல் பெரும்பாலும் டிவி பக்கம்தான்: பல டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும், அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேல்.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதும்) வகையா என்று கேட்டு வாங்குங்கள். டபிள்யூடி ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்உல்ஃப் இரண்டும் அந்த வகை. பிளஸ் இல்லாத வெறும் ரெட்டில் எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை) இருப்பது 2020இல் பெரிய பிரச்சினையானது. செத்த டிஸ்க்கை மாற்றி, அதிலிருந்ததைப் புது டிஸ்க்கில் மறுபடி கட்டும்போது அது திணறும்.

அப்புறம் யூபிஎஸ். யூஎஸ்பி கேபிளில் நாஸோடு இணைத்துவிட்டால், கரண்ட் போனதும் அது தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். எஸ்ஹெச்ஆர் ஒரு டிஸ்க் செத்தால்தான் காப்பாற்றும். தவறி அழித்ததை மீட்டுத் தராது. ப்ளூரே போனால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், அலமாரியில் வட்டு இருக்கிறது. கல்யாண வீடியோவுக்கும் இப்போது எங்கும் விற்காத பழைய விசிடிகளுக்கும் தனியாக ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் பிரதி எடுத்து, வேறு வீட்டில் வைத்திருக்கிறேன்.