கிளாக்கோமா கூடுகிறதா? ஃபீல்டு டெஸ்ட், ஓசிடி, நரம்புப் படம்: எதை எப்போது நம்பலாம்

கண் அழுத்தம் 14 என்று வந்தால் சொட்டு மருந்து வேலை செய்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். கிளாக்கோமாவில் பார்வை நரம்பு தேய்கிறது; அந்தத் தேய்வு நின்றதா என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு நடைமுறையில் மூன்று சோதனைகள் இருக்கின்றன: பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட், ஒளியால் நரம்பை ஸ்கேன் செய்யும் ஓசிடி, கண்ணுக்குள் தெரியும் நரம்பு முனையைப் பிடிக்கும் நரம்புப் படம். மூன்றும் வேறு வேறு இடத்தில் ஏமாற்றும்.

ஃபீல்டு டெஸ்ட்டில் அதிகம் ஏமாறுவது முதல் ஒன்றிரண்டு தடவைதான். ஹம்ஃப்ரி கருவியின் 24-2 அமைப்பு 54 இடங்களில் ஒளிப்புள்ளி காட்டும். தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். தூக்கக் கலக்கம், தொங்கும் இமை, தவறான பவர் லென்ஸ் எல்லாமே தாளில் கறுப்புத் திட்டாக விழும். கண் அழுத்தம் கூடியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓஎச்டிஎஸ் ஆய்வில் புதிதாகக் குறை காட்டிய, நம்பகமான ஃபீல்டுகளிலேயே சுமார் 86 சதவீதம் மறுசோதனையில் உறுதிப்படவில்லை. ஒரு தாளை வைத்து மருந்தை மாற்றுவது அவசரம்.

இதையே இரண்டு விதமாக அலசலாம். ஒன்று, முதல் இரண்டு சோதனைகளை அடிப்படையாக வைத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிடுவது. அதே 3 புள்ளிகள் அடுத்தடுத்து இரண்டு சோதனைகளில் சரிந்தால் 'கூடியிருக்கலாம்', மூன்றில் சரிந்தால் 'அநேகமாகக் கூடியிருக்கிறது' என்று கருவி எழுதும். சிறு சரிவைச் சீக்கிரம் பிடிக்கும், வேகத்தைச் சொல்லாது. இரண்டாவது, சாய்வுக்கோடு: பல சோதனைகளின் எண்களைக் கோடாக இழுத்து வேகத்தைப் பார்ப்பது. எம்டி (வயதுக்குரிய இயல்பைவிடப் பார்வை உணர்திறன் சராசரியாக எவ்வளவு குறைவு என்ற எண்) -8 டெசிபெல்லில் இருக்கும் 50 வயதுக்காரருக்கு ஆண்டுக்கு 1.5 டெசிபெல் இறங்கினால், 10 ஆண்டில் -23. கிட்டத்தட்டப் பார்வையே போன நிலை. 80 வயதில் ஆண்டுக்கு 0.3 இறங்கினால் கவலை குறைவு. ஆனால் கோடு போட 5 சோதனையாவது வேண்டும். ஆண்டுக்கு 2 டெசிபெல் இறங்குபவரை இரண்டே ஆண்டில் கண்டுபிடிக்க அந்த இரண்டு ஆண்டில் 6 சோதனை வேண்டும். வருடத்துக்கு ஒன்று எடுத்தால் பிடிபடாது. கண்புரையும் எம்டியை இறக்கும். அறுவைக்குப் பிறகு அடிப்படையைப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஓசிடிக்கு நோயாளியின் பதில் தேவையில்லை. நரம்பிழைப் படலத்தின் தடிமனை மைக்ரானில் அளக்கும். வயதினாலேயே ஆண்டுக்கு அரை மைக்ரான் அளவில் குறையும். சராசரி 5 மைக்ரானுக்கு மேல் குறைந்து, மறுபடி எடுத்தாலும் அப்படியே இருந்தால்தான் சந்தேகம். சிக்கல் தாளில் வரும் வண்ணத்தில்: பச்சை என்பது 'உங்கள் வயதினரில் இயல்பு' என்றுதான் அர்த்தம், 'மாறவில்லை' என்றல்ல. 105 மைக்ரான் 92 ஆனாலும் தாள் பச்சையாகவே வரலாம். கிட்டப்பார்வை அதிகமுள்ள கண்ணில் நோயே இல்லாமல் சிவப்பு (இயல்புக்குக் கீழ்) வரலாம். சிர்ரஸ் என்ற ஓசிடி கருவியில் சிக்னல் (படத்தின் தர எண்) 6-க்குக் கீழ் என்றால் அந்தத் தாளை ஒப்பிடாதீர்கள். தடிமனை அளக்கும் வட்டம் நரம்பை விட்டு நகர்ந்திருந்தாலும் அப்படியே. சராசரி 50–55 மைக்ரானை நெருங்கிவிட்டால் ரத்தக்குழாயும் தாங்குதிசுவும்தான் மிச்சம். நோய் ஓடினாலும் எண் அசையாது.

நரம்புப் படத்தைப் பழைய முறை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. நரம்பின் விளிம்பில் வரும் கீற்று ரத்தக்கசிவு, நோய் கூடும் அபாயத்துக்கு வலுவான எச்சரிக்கை; ஓசிடி அதைக் காட்டாது. ஓஎச்டிஎஸ்ஸில் அந்தக் கசிவுகளில் 84 சதவீதம் படத்தில் மட்டுமே தெரிந்தன, நேர்ப் பரிசோதனையில் தப்பிவிட்டன. ஆனால் நரம்பின் நடுவிலுள்ள குழிவு பெரிதானதா என்று கேட்டால் இரண்டு மருத்துவர்கள் இரண்டு பதில் சொல்வார்கள்.

ஆக, தொடக்க நிலையில் ஓசிடியும் படமும் முந்தும்; நடு நிலையில் ஓசிடி, ஃபீல்டு இரண்டும் வேண்டும். முற்றிய நிலையில் நரம்பிழைத் தடிமனுக்கான ஓசிடிக்குச் செலவழிப்பது பெரும்பாலும் வீண். அங்கே நடுப்பார்வையை 2 டிகிரி இடைவெளியில் 68 புள்ளிகளாகச் சோதிக்கும் 10-2 ஃபீல்டுதான் உதவும். ஒன்றில் சரிவு, மற்றதில் இல்லை என்று வருவது சகஜம். சரிவு காட்டியதை முதலில் மறுபடி எடுங்கள்.

மருத்துவமனை மாறினால் பழைய தாள்கள் எல்லாவற்றையும் கருவியின் பெயரோடு கொண்டுபோங்கள். ஒரு கம்பெனி ஓசிடியின் மைக்ரானை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. கருவியே மாறுகிறது என்றால் பழையதில் ஒன்றும் புதியதில் ஒன்றும் அதே வாரத்தில் எடுத்து வையுங்கள்.