கும்பகோணம் ஜாவா வகுப்பு: ஓவர்ரைடிங் நடத்தும் விதம்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்தை ஒட்டிய தெருவில் மாலை வேளையில் நடக்கும் ஜாவா நிரல்மொழிப் பயிற்சி வகுப்பில் படித்து முடித்திருக்கிறேன். கிளாஸ் என்னும் வார்ப்பு மற்றொரு கிளாஸிடமிருந்து பண்புகளைப் பெறும் இன்ஹெரிடன்ஸையும், அப்படிப் பெற்ற மெத்தடை, அதாவது செயல்பாட்டை, மாற்றி எழுதும் மெத்தட் ஓவர்ரைடிங்கையும் இத்தனை பொறுமையாக நடத்தும் இடத்தை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

பாடநூல்களில் வழக்கமாக எடுத்துக்காட்டாக வரும் நாயும் பூனையும் இங்கே இல்லை. ஆசிரியர் 'நெல்' என்றொரு கிளாஸை எழுதி, அதிலிருந்து ஆடுதுறை 43 (குறுவை நெல் ரகம்), சி.ஆர். 1009 (சம்பா நெல் ரகம்) என்ற இரண்டு கிளாஸ்களைக் கிளைக்கச் செய்தார். நாற்று விடுதல், நடவு ஆகியவற்றுக்கான மெத்தட்களை இரண்டும் தாய் கிளாஸிலிருந்து அப்படியே பெற்றுக்கொள்ள, வயதைச் சொல்லும் மெத்தடை மட்டும் குறுவை ரகம் 110 நாள் என்றும் சம்பா ரகம் 155 நாள் என்றும் மாற்றி எழுதிக்கொண்டன. 'நெல்' என்று அறிவித்த மாறியில் சி.ஆர். 1009 ஆப்ஜெக்டை (அந்த கிளாஸைக் கொண்டு உருவாக்கிய பொருளை) வைத்து வயது மெத்தடை அழைத்தால் 155தான் வரும், ஏனெனில் எந்த மெத்தட் ஓட வேண்டும் என்பதை மாறியின் வகை அல்ல, நிரல் ஓடும்போது அதில் இருக்கும் ஆப்ஜெக்டே தீர்மானிக்கிறது. ஃபீல்டுக்கும் (கிளாஸுக்குள் மதிப்பை வைத்திருக்கும் மாறி) ஸ்டாடிக் மெத்தடுக்கும் (ஆப்ஜெக்டைச் சாராமல் கிளாஸுக்கே உரிய மெத்தட்) இந்த விதி பொருந்தாது என்பதையும் அவர் ஓட்டியே காட்டினார்.

எனக்கு மிகவும் பயன்பட்டது பிழைகளைக் கொண்டு நடத்திய பாடம். இரண்டு ஆப்ஜெக்ட்கள் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் மெத்தடை எழுதும்போது அளபுருவை (மெத்தடுக்குக் கொடுக்கும் உள்ளீட்டின் வகையை) 'ஆப்ஜெக்ட்' என்று போடாமல் 'நெல்' என்று போட்டால், அது ஓவர்ரைடிங் ஆகாமல் ஓவர்லோடிங் (அதே பெயரில் வேறு அளபுருவுடன் தனி மெத்தட்) ஆகிவிடுகிறது. நிரலை மொழிபெயர்த்துப் பிழை காட்டும் கம்பைலர் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் அதே விவரங்களுடன் புதிதாக ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி அர்ரேலிஸ்ட் என்ற பட்டியலில் தேடினால் 'இல்லை' என்றே விடை வருகிறது. 2004இல் ஜாவா 5உடன் வந்த '@ஓவர்ரைடு' குறிப்பை மேலே சேர்த்ததும் கம்பைலர் அங்கேயே தடுத்துவிடுகிறது. தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) ஓவர்ரைடு செய்த மெத்தடை அழைத்தபோது, சேய் கிளாஸின் ஃபீல்டுக்கு மதிப்பு ஏறும் முன்பே அது ஓடி, 110 வர வேண்டிய இடத்தில் 0 அச்சானதையும் நிறுத்தி நிதானமாக விளக்கினார்.

குறை ஒன்று உண்டு. இன்ஹெரிடன்ஸை எங்கே தவிர்க்க வேண்டும் என்பதை ஒரே மாலையில் அவசரமாக முடித்துவிட்டார்கள். வயலில் நெல் இருக்கிறது என்பதற்காக 'வயல்' கிளாஸை 'நெல்'லிலிருந்து கிளைக்க வைக்கக் கூடாது, நெல்லை அதற்குள் ஓர் உறுப்பாக வைத்தால் போதும் என்ற முக்கியமான செய்திக்கு இன்னும் சில பயிற்சிகள் கொடுத்திருக்கலாம். கணினிகள் நல்ல நிலையில் இருக்கின்றன, கட்டணமும் நியாயமானதே. வகுப்பு முடிய இரவாகிவிடுவதால், பாபநாசம், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் திரும்பிச் செல்லும் பேருந்து நேரத்தை விசாரித்துக்கொண்டு சேருவது நல்லது.