கல்லறை ஜாடிகள்: ஹான் பச்சையா, ஜின் பறவைக்கூட்டமா?

இரண்டுமே சீனாவில் இறந்தவரோடு புதைக்கச் செய்தவை. ஹான் அரச வம்சக் காலத்து (கி.மு. 206 – கி.பி. 220) பச்சை ஜாடி, வெண்கல ஜாடிக்கு மலிவான மாற்று, வளையம் கவ்விய பூத முகத்தைக்கூட மண்ணிலேயே அச்சில் எடுத்து ஒட்டியிருப்பார்கள். காரீயம் கலந்த கண்ணாடிப் பூச்சில் செம்பு சேர்ந்ததால் பச்சை. காரீயம் சாப்பாட்டுக்கு ஆகாது; செத்தவருக்கு அந்தக் கவலை ஏது! மண்ணில் கிடந்து கிடந்து சிலவற்றில் வெள்ளி மினுமினுப்பு ஏறியிருக்கும்.

மேற்கு ஜின் வம்சக் காலத்து (265–316) ஆன்மா ஜாடி வேறு ரகம். கீழ்ப்பாதி சாதாரணக் குடம். மேலேதான் கூத்து: அடுக்கு மாடங்கள், மொய்க்கும் பறவைகள், மனிதர்கள், சிலவற்றில் குட்டிப் புத்தர்கள். சூளைச் சூடும் அதிகம், அதனால் உடம்பு கெட்டி. நிறத்துக்கு ஹான், நின்று பார்க்க ஜின்தான்.