அக்கா கடைக்கு எந்தக் கார்டு மிஷின்?

சென்னையில் ஒரு கைத்தறிக் கண்காட்சி. ஞாயிறு சாயங்காலம், ஸ்டால் முழுக்கக் கூட்டம். 6,800 ரூபாய் பில். கார்டைச் செருகி, பின் நம்பரும் போட்டாயிற்று. மிஷின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் பரிவர்த்தனை தோல்வி என்று ஒரு சீட்டைத் துப்பியது. அதே நிமிடத்தில் வாங்க வந்த அம்மாவின் போனில் பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி. அவர் போனைக் காட்டுகிறார், அக்கா சீட்டைக் காட்டுகிறாள். பின்னால் நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.

அக்காவுக்குக் காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை வியாபாரம். வீட்டு முன்கட்டுதான் கடை. வருடத்துக்கு நான்கைந்து கண்காட்சிகளில் ஸ்டால் போடுவாள். அன்றைக்கு இருந்தது பக்கத்து ஸ்டால்காரரிடம் இரவல் வாங்கிய மிஷின். அதுவே தப்பு. பணம் அவர் கணக்குக்குப் போகும், விற்பனையும் அவர் பெயரில் ஏறும், நாளைக்கு ஜிஎஸ்டி கணக்கில் இருவருக்கும் தலைவலி. ஊர் திரும்பியதும், "தம்பி, நமக்கே ஒண்ணு வாங்கிரலாம், நீ பார்த்துச் சொல்லு" என்றாள். ஒரு மாதம் அலைந்து விசாரித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

க்யூஆர் அட்டை இருக்கும்போது கார்டு மிஷின் எதற்கு என்று முதலில் எனக்கும் தோன்றியது. யுபிஐ-க்குக் கடைக்காரர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை; 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் அப்படித்தான். ஆனால் அக்காவிடம் கார்டை நீட்டுகிறவர்கள் வேறு ரகம். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு பக்கம். கல்யாணத்துக்கு மொத்தமாக எடுப்பவர்கள் இன்னொரு பக்கம். யுபிஐ-யில் சாதாரணமாக ஒரு தடவைக்கு 1 லட்சம்தான் அனுப்ப முடியும். அப்புறம், மாதக் கடைசியில் கிரெடிட் கார்டை நம்பி வருபவர்கள். இந்த மூன்று கூட்டமும் பெரிய பில் போடுகிற கூட்டம் என்பதுதான் விஷயம்.

முதலில் பார்த்தது போனையே மிஷினாக்கும் ஆப். என்எஃப்சி (தட்டும் கார்டைப் படிக்கும் வசதி) உள்ள ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும், வாடிக்கையாளர் கார்டைப் போனின் முதுகில் தட்டினால் வேலை முடிந்தது. வாடகை கிடையாது, தூக்கிச் சுமக்க ஒன்றும் கிடையாது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கும், வீடு வீடாகப் போய் வேலை செய்பவருக்கும் இதைத் தைரியமாகச் சொல்வேன். ஆனால் 5,000 ரூபாயைத் தாண்டினால் பின் நம்பர் வேண்டும். அதை உங்கள் போன் திரையில் போடச் சொன்னால் நம் ஊரில் பலருக்குக் கை நடுங்குகிறது, நானே யோசிப்பேன். பில் போடும் நேரம் பார்த்து நெசவாளர் வீட்டிலிருந்து போன் வந்தால் அதுவும் அந்தத் திரையில்தான் வரும்.

அடுத்தது கார்டு தட்டும் வசதி உள்ள சவுண்ட் பாக்ஸ். பேடிஎம் 2023 செப்டம்பரில் கொண்டுவந்தது. அப்போது விலை 999 ரூபாய். க்யூஆர், தட்டும் கார்டு இரண்டுக்கும் ஒரே பெட்டி. பணம் வந்தால் அதுவே சத்தமாகச் சொல்லிவிடும். டீக்கடை, மருந்துக்கடை, ஐஸ்கிரீம் கடைக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. பின் இல்லாமல் தட்டும் வரம்பு 5,000 ரூபாய், அது 2021 ஜனவரியிலிருந்து. ஒரு பருத்திச் சேலை என்றால் அதற்குள் அடங்கிவிடும், மூன்று எடுத்தால் தாண்டிவிடும். இன்னொரு சிக்கலை யாரும் சொல்வதில்லை. 2020 அக்டோபருக்குப் பிறகு வழங்கப்படும் கார்டுகளில் தட்டும் வசதியை வைத்திருப்பவரே போய் ஆன் செய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பலர் ஆன் செய்வதே இல்லை. தட்டுவார்கள், மறுத்துவிடும், நம் பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். செருகிப் பார்க்கலாம் என்றால் அதில் துளை கிடையாது.

புளூடூத்தில் போனோடு இணைக்கும் குட்டி மிஷின் பற்றி நீட்ட மாட்டேன். இரண்டு பொருளுக்கு சார்ஜ் போட வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவும் வேண்டும். ஆண்ட்ராய்டு மிஷின் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை.

ஆக, உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவில்தான். ஒன்று, நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கியே தரும் பழைய மாதிரி பட்டன் மிஷின். இன்னொன்று பைன் லேப்ஸ், பேடிஎம், ரேஸர்பே போன்ற நிறுவனங்கள் தரும் பெரிய திரை ஆண்ட்ராய்டு மிஷின்.

பட்டன் மிஷினைப் பலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. பேட்டரி காலையில் போட்டால் இரவு வரை நிற்கிறது. பின் நம்பர் போடும்போது பட்டன் கையில் தட்டுப்படும். வயதானவர்கள் தொடுதிரையைவிட இதில் தடுமாறாமல் போடுகிறார்கள். தகராறு என்றால் நேரே கிளைக்குப் போய் மேனேஜர் முன்னால் உட்காரலாம். குறை எங்கே என்றால், சில மாடல்கள் இன்னும் 2ஜி சிம்மிலேயே ஓடுகின்றன. ஆயிரம் பேர் போனோடு நிற்கும் கண்காட்சி மண்டபத்தில் அது திணறுகிறது. சிலவற்றில் ராத்திரி நாமே கணக்கை முடித்து அனுப்ப வேண்டும். மறந்தால் பணம் அடுத்த நாள் வராது. சார்ஜர் உருண்டை முனையாக இருந்தால் ஊரில் மறந்துவிட்டு வந்த அன்று கதை முடிந்தது.

ஆண்ட்ராய்டு மிஷினில் 4ஜி, வைஃபை இரண்டும் உண்டு. சிக்னல் விட்டால் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துக்கொள்ளலாம். கண்காட்சிக்கு இந்த ஒரு வசதியே பாதி உயிர். திரையிலேயே க்யூஆர் வரும், மாதத் தவணையும் போடலாம், அன்றைய விற்பனையை வீட்டிலிருந்தே ஆப்பில் பார்க்கலாம். பேட்டரிதான் சாயங்காலம் ஐந்து மணிக்கே முகம் வாடிவிடுகிறது. டைப்-சி சார்ஜர் என்பதால் பவர் பேங்கில் சமாளித்துவிடலாம்.

இனி காசு. ஏஜென்ட்கள் எல்லாரும் ஒவ்வொரு கார்டு பில்லிலும் பிடித்துக்கொள்ளும் சதவீதத்தைப் பற்றியே பேசுவார்கள். அக்காவுக்கு வந்த ஒரு விலைப்புள்ளி இது: மாத வாடகை 400, கிரெடிட் கார்டுக்கு 1.9 சதவீதம், டெபிட்டுக்கு 0.9. டெபிட்டில் முதலிலேயே பிடித்துக்கொண்டேன். முந்தைய வருட விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் மிஷினில் டெபிட் கட்டணம் 0.40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜனவரியிலிருந்தே இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. கேட்டதும் குறைத்துவிட்டார்கள். கேட்காதவர்கள் எத்தனை பேர் 0.9 கட்டுகிறார்களோ! கிரெடிட் கார்டுக்கு இப்படி உச்சவரம்பு கிடையாது, அங்கே பேரம்தான்.

ஆனால் அக்கா போன்றவர்களைக் கடிப்பது சதவீதமல்ல, வாடகை. 400-க்கு ஜிஎஸ்டி சேர்த்து 472. கண்காட்சி மாதத்தில் 60,000 ரூபாய்க்குக் கார்டில் விற்றால் இந்த 472 தெரியவே தெரியாது. ஆடி மாதத்துக்கு முந்தைய மந்தத்தில் 8,000 ரூபாய்க்குத்தான் விற்றது என்று வையுங்கள். எல்லாம் கிரெடிட் கார்டு என்றால் கட்டணம் 152, அதற்கு ஜிஎஸ்டி 27, கூட வாடகை 472. மொத்தம் 651. நூற்றுக்கு எட்டு ரூபாய் போய்விட்டது! (2,000 ரூபாய் வரையிலான பில்லுக்கான கட்டணத்தில் ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அதைக் கழித்தாலும் பெரிய வித்தியாசம் வராது.) அதனால் வாடகை இல்லாமல் மொத்தமாக விலைக்குத் தருவார்களா, விற்பனை இல்லாத மாதத்தில் வாடகையை விடுவார்களா என்று கேளுங்கள். ஒரு நிறுவனத்தில் முதலில் முடியாது என்றார்கள். மூன்றாவது போனில் முடிந்தது.

வெளிநாட்டுக் கார்டு தனி அத்தியாயம். விண்ணப்பத்தில் அதற்கென்று தனியாகக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும், அமெக்ஸ், டைனர்ஸ் கார்டுகளுக்கும் அப்படித்தான். கட்டணமும் கூடுதல். சில வெளிநாட்டுக் கார்டுகள் பின் கேட்காது. சிலிப்பில் கையெழுத்துக் கோடு மட்டும் வரும். அந்தச் சிலிப்பில் கையெழுத்து வாங்கி வைத்தே தீர வேண்டும். ஊருக்குப் போனபின் அவர் 'நான் வாங்கவில்லை' என்று தன் வங்கியில் சொன்னால், நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி அது. பிரிண்டர் இல்லாத சவுண்ட் பாக்ஸும் போன் ஆப்பும் அக்காவுக்கு ஒத்துவராததற்கு இதுதான் பெரிய காரணம்.

பிரிண்டர் என்றதும் ஒன்று. பேப்பர் ரோலுக்கு ஒரு பக்கம்தான் மருந்து பூசியிருப்பார்கள். திருப்பிப் போட்டால் வெறும் வெள்ளைச் சிலிப் வரும். மிஷின் ரிப்பேர் என்று அக்கா எனக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாள். நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் அச்சாகும் பக்கம். வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும், அதனால் கையெழுத்துச் சிலிப்பை அன்றே போட்டோ எடுத்துவிடுவது நல்லது.

பணம் எந்தக் கணக்கில் வந்து விழும் என்பதையும் பாருங்கள். 2024-இல் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டபோது மிஷின்கள் நிற்கவில்லை. ஆனால் அந்த வங்கியிலேயே பணம் வாங்கிக்கொண்டிருந்த கடைக்காரர்கள் அவசர அவசரமாகக் கணக்கை மாற்ற வேண்டி வந்தது. மிஷின் யாருடையதாகவும் இருக்கட்டும், பணம் உங்கள் வழக்கமான வங்கிக் கணக்குக்கு நேரே வரட்டும்.

கடைசியில் அக்கா எடுத்தது ஆண்ட்ராய்டு மிஷின், மந்த மாத வாடகை விலக்கோடு. கடையில் மட்டும் உட்கார்ந்து விற்பவராக இருந்தால் வங்கி மிஷினையே எடுக்கச் சொல்லியிருப்பேன். சேவைக்கு வரும் பையன் காரைக்குடியிலேயே இருக்கிறான் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்தோம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவன் நம்பருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து பார்த்தாள் அக்கா. எடுத்தான்.

அந்த 6,800 ரூபாய் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கார்டு கணக்கில் பணம் கழிந்து கடைக்கு உறுதி வராவிட்டால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று 2019-இலேயே விதி இருக்கிறது. அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அது தெரியாது. அக்கா அந்த அம்மாவின் போன் நம்பரைப் பில் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டு சேலையைக் கொடுத்தனுப்பிவிட்டாள். நான்காம் நாள் அவரே கூப்பிட்டு, பணம் கணக்குக்குத் திரும்பிவிட்டது என்று சொல்லி யுபிஐ-யில் அனுப்பிவைத்தார். போன தீபாவளிக்கு இன்னும் இரண்டு சேலை கேட்டு அதே நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.