சிங்கப்பூர் தேக்கா பக்கத்து நகைக்கடை: வாய்க்கு ஐந்து நட்சத்திரம், செய்கூலிக்கு மூன்று

நகை நல்ல நகை. 22 காரட்டுக்கான 916 முத்திரை தெளிவாக இருக்கிறது, எடையை நம் கண் முன்னால்தான் போடுகிறார்கள். கடை பெயர் வேண்டாம். சிராங்கூன் ரோட்டில் இப்படிப் பல உண்டு. நான் எழுத வந்தது அங்கே விற்பனைக்கு நிற்கும் தம்பியைப் பற்றி.

மகள் நிச்சயத்துக்கு வளையல் பார்க்க நாத்தனாரோடு போனேன். உட்காருவதற்குள், “தேயா, மைலோவா அக்கா?” அப்புறம் நாத்தனாரின் முறுக்குச் செயினைப் பார்த்து, “இந்த வேலைப்பாடு இப்ப யாருக்கு வரும்!” என்றார். (நாலு கடை தள்ளி, போன வருஷம் வாங்கியது. நாத்தனார் வாயே திறக்கவில்லை.) மகளுக்கும் எனக்கும் ஒரே அளவு என்பதால் வளையலை என் கையில் ஏற்றிப் பார்த்தார். “அக்கா கைக்கு எந்த டிசைனும் நிக்கும். இந்த டிசைன்தான் எல்லாக் கைக்கும் நிக்காது.” பாத்திரம் கழுவிக் காய்த்துப்போன கை இது. மறுக்க மனம் வருமா?

கிராம் விலை பலகையில் இருக்கிறது, அதை யாரும் பேரம் பேசுவதில்லை. 2024-லிருந்து ஜிஎஸ்டி 9 விழுக்காடு, அதுவும் அசையாது. பேச இடம் இருப்பது செய்கூலியில்தான். கால்குலேட்டர் அந்த இடத்துக்கு வந்ததும் தம்பியின் குரலில் தேன் ஒழுகியது. “தங்கம் தெரிஞ்சவங்க நீங்க, உங்ககிட்ட நான் கூலியப் பத்திப் பேசணுமா அக்கா?” இதற்குமேல் குறைக்கச் சொன்னால் தங்கம் தெரியாதவள் ஆகிவிடுவேனாம்! கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் நாளைக்கு விற்கப் போனால் எடைக்குத்தான் காசு, கூலி போனது போனதுதான். அந்தக் கூலிக்கும் சேர்த்து ஜிஎஸ்டி வேறு.

“தெரிஞ்சதாலதான் தம்பி கேக்குறேன்” என்றேன். சிரித்தார். முதலாளியிடம் போய்வந்தார். ஒரு வளையலுக்கு 30 வெள்ளி (டாலர்) குறைந்தது. புகழ்ச்சி மட்டும் குறையவில்லை, பில் போடும்வரை ஓடியது.

கொடுத்த பெட்டி மட்டம், வேறு கேட்டு வாங்குங்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் போனால் இந்த உபசாரம் எதுவும் கிடைக்காது. செய்கூலியைப் பில்லில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள், கேட்டால் எழுதுகிறார்கள்.

மறுபடி போவோம். நாத்தனாருக்குத் தோடு மாற்ற வேண்டுமாம், அந்தத் தம்பி வேலையில் இருக்கும் நாளாகப் பார்த்து.