குடும்பப் பயணத்துக்கு ராவா, ஜேபெக்கா?

கேமராவில் படத்தைச் சேமிக்க ரா (RAW), ஜேபெக் (JPEG) என்று இரண்டு கோப்பு வகைகள் உண்டு. ஆறு வருடம் ராவில் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி மூன்று பயணங்களாக ஜேபெக். ஆகவே என் தராசுத் தட்டு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலுக்காகப் படம் எடுப்பவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பி, ஆயிரம் படங்களோடு வீடு திரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு ரா. நிறம், கூர்மை எல்லாவற்றையும் கேமராவே பார்த்துச் சமைத்து, சுருக்கிக் கொடுத்தால் அது ஜேபெக். ராவில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் பெரும்பாலும் 12 அல்லது 14 பிட். 14 பிட் என்றால் 16,384 வெளிச்சப் படிகள். ஜேபெக்கில் 8 பிட், வெறும் 256 படிகள். 24 மெகாபிக்சல் கேமராவில் ரா கோப்பு ஒன்று 25 எம்பியிலிருந்து 50 எம்பி வரை போகும், நல்ல தரத்து ஜேபெக் 10 எம்பி பக்கத்தில் நிற்கும். இடத்தைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. குழந்தை தண்ணீரில் குதிப்பதைத் தொடர்ச்சியாக எடுக்கும்போதுதான் வித்தியாசம் உறைக்கும்: ராவில் கேமராவின் நினைவகம் சீக்கிரம் நிரம்பி, சரியாகக் குதிக்கும் நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

ரா ஜெயிக்கும் இடங்களை மறைக்க வேண்டியதில்லை. ரயிலில் சன்னலோரமாக அம்மா உட்கார்ந்திருக்கிறார், முகம் இருட்டு, வெளியே மலையும் வானமும் பளீரென்று இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ராவில் முகத்தின் வெளிச்சத்தைத் தூக்கி, வானத்தினதை இறக்கி, இரண்டையும் ஓரளவு காப்பாற்றிவிடலாம். ஜேபெக்கில் முகத்தைத் தூக்கினால் திட்டுத் திட்டாக வரும். வெளுத்துப் போன வானம் போனதுதான், எவ்வளவு இழுத்தாலும் சாம்பல் பூசினாற்போல ஆகும். விளக்கின் நிறத்துக்கேற்ப படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸும் அப்படியே. மஞ்சள் விளக்கும் டியூப் லைட்டும் கலந்த அறையில் எடுத்த படத்தை ராவில் பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம். ஜேபெக்கில் கொஞ்ச தூரம் திருத்தலாம், அதற்கு மேல் தோல் நிறம் ஒத்துழைக்காது.

அப்படியிருந்தும் ஏன் மாறினேன்? பராமரிப்பு. இந்த ஒரு விஷயம்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

ராவில் எடுக்கும்போது கேமராவின் திரையில் தெரிவது ரா அல்ல. அந்தக் கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கும் ஒரு ஜேபெக்தான். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், அது ஒரு நொடி அழகாகத் தெரிந்துவிட்டு, பிறகு மென்பொருளின் சொந்தக் கணக்கில் சப்பென்று மாறும். அப்புறம் உட்கார்ந்து ஸ்லைடர்களை நகர்த்தி, பல படங்களில் நான் வந்து சேர்ந்தது எங்கே என்றால், கேமரா முதலில் காட்டிய அதே படத்துக்கு. இதற்குப் படம் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 300 படங்களுக்குப் பத்து மணி நேரம். வேலைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற ஆளுக்கு அந்தப் பத்து மணி நேரம் எங்கிருந்து வரும்? ஒரு பயணத்தின் படங்களை முடிப்பதற்குள் அடுத்த பயணம் வந்துவிடும். “அந்த போட்டோ எல்லாம் எங்கே?” என்று என் மகள் கேட்பதையும் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாள்.

இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். ரா கோப்பில் நாம் செய்யும் திருத்தம் படத்துக்குள் போவதில்லை. லைட்ரூம் கிளாசிக் என்ற திருத்தும் மென்பொருள் அதைத் தன் கேட்டலாக் என்ற பதிவுக் கோப்பில் குறித்துக்கொள்ளும்; டார்க்டேபிள் என்ற இன்னொன்று படத்துக்குப் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சின்னக் குறிப்புக் கோப்பாக எழுதும். ஒன்று எழுதிய குறிப்பை இன்னொன்று முழுதாகப் புரிந்துகொள்ளாது. மூலப்படம் கெடாமல் இருக்கும் என்பது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு, அந்தக் குறிப்பு உயிரோடு இருக்கும்வரை. நான் பயன்படுத்திய மென்பொருளின் கேட்டலாகை ஹார்ட் டிஸ்க் மாற்றும்போது நகலெடுக்க மறந்தேன். தப்பு என்னுடையதுதான். ரா கோப்புகள் 1,140-ம் பத்திரம். மூன்று வார இரவுகளில் செய்த திருத்தம் அத்தனையும் காலி. அந்தப் பயணத்தில் முடித்த படங்களாக இன்று மிஞ்சியிருப்பவை, குடும்பக் குழுவில் சுருங்கிப் போய்க் கிடக்கும் நாற்பது சின்ன ஜேபெக்குகள்தான்.

அதுமட்டுமா, ரா ஒரே வடிவம்கூட இல்லை. கேனனுக்கு சிஆர்3, நிக்கானுக்கு என்இஎஃப், சோனிக்கு ஏஆர்டபிள்யூ என்று ஆளுக்கொரு வடிவம். பொதுவாக இருக்கட்டும் என்று அடோபி 2004-இல் டிஎன்ஜியைக் கொண்டுவந்தது. சில நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன, பெரியவை தம் வழியிலேயே போகின்றன. ஜேபெக்கோ 1992-இலிருந்து இருக்கிறது, எந்தச் சாதனத்தில் போட்டாலும் திறக்கிறது. என் பெண் நாளைக்கு இந்தக் கோப்புறைகளைத் திறக்கும்போது என்ன மென்பொருள் வைத்திருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சரி, ஜேபெக்கில் எடுப்பதென்றால் எடுக்கும்போதே கொஞ்சம் கவனம் வேண்டும். வெயிலில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 0.3 அல்லது 0.7-இல் வைக்கிறேன், வானம் வெளுக்காமல் இருக்க. வெளுத்த இடங்கள் திரையில் கண்சிமிட்டும் எச்சரிக்கையை எப்போதும் போட்டு வைத்திருக்கிறேன். நிழலைத் தானாகத் தூக்கிவிடும் வசதிக்கு நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங் என்று பெயர், சோனியில் டிஆர்ஓ. அதை மிதமான அளவில் வைத்தால் தொப்பி போட்ட முகங்கள் தப்பிக்கும். படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை அழிக்கும் நாய்ஸ் குறைப்பை மட்டும் தாழ்த்திவிடுங்கள், இல்லையென்றால் தாத்தாவின் முகச் சுருக்கமெல்லாம் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும். திருத்துவதென்றால் கோட்டம் நிமிர்த்துவது, வெட்டுவது, வெளிச்சம் கொஞ்சம் கூட்டுவது, அவ்வளவுதான். மறுபடி மறுபடி சேமித்தால் தரம் குறையும் என்பதால் மூலத்தைத் தொடாமல் நகலில் செய்கிறேன். போன பயணத்துப் படங்கள் வீடு வந்த நாலாம் நாளே ஆல்பமாகிவிட்டன.

இரண்டையும் சேர்த்து எடுக்கலாமே என்று கேட்பீர்கள். ரா கூட்டல் ஜேபெக் என்ற அமைப்பு பெரும்பாலான கேமராக்களில் உண்டு. முழுப் பயணத்துக்கும் அப்படி வைத்துப் பார்த்தேன்; ராக்கள் சேர்ந்துகொண்டே போயின, ஒன்றையும் திறக்கவில்லை. இப்போது கேமராவின் ஒரு பொத்தானில் அதை வைத்திருக்கிறேன். குகைக்குள் நுழையும்போது, சூரியன் இறங்கும்போது, சன்னல் வெளிச்சத்தில் யாராவது உட்கார்ந்திருக்கும்போது ஒரு அழுத்து. முடிந்ததும் மறுபடி ஜேபெக். கடைசிப் பயணத்தில் அப்படி எடுத்த ரா 31, அவற்றில் நிஜமாகவே தேவைப்பட்டது ஐந்து.

போனில் ரா எடுத்து எனக்கு அனுபவம் குறைவு. எடுத்த சிலவற்றில் போனே சமைத்துக் கொடுத்த படம்தான் எனக்கு நன்றாக இருந்தது. பல ஷாட்களைச் சேர்த்து அது செய்யும் வேலையை என் கையால் திரும்பச் செய்ய முடியவில்லை. பனிமலைப் பயணமும் இன்னும் போனதில்லை. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளையில் என் மைனஸ் கணக்கு படத்தை மங்கலாக்கிவிடும், அங்கே பிளஸ் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். அப்படியொரு பயணம் அமைந்தால் முதல் நாள் முழுக்க அந்தப் பொத்தானை அழுத்தியே வைத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.